மாவுச்சத்து தீரும் வரை

ஜனவரி 18, ஞாயிறு

எதிர்வீட்டு மாடத்தி அக்கா கொடுத்த டைரி. அவள் மகன் எலுமிச்சை மண்டியில் இருக்கிறான், வருஷத்துக்கு நாலைந்து கொண்டுவருவான். முதல் பக்கத்தில் பெயர், தொழில், ரத்த வகை எல்லாம் கேட்கிறது. பொன்ராணி, பத்தாம் வகுப்பு அறிவியல் டீச்சர், புளியங்குடி என்று எழுதினேன். ரத்த வகை தெரியாது. போன நாட்களின் பக்கங்களை அப்படியே காலியாக விட்டுவிட்டேன், யார் வந்து கேட்கப் போகிறார்கள்.

வீட்டில் பேச ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். இங்கே நானும் மாமாவும். மாமா என்றால் அவருடைய அப்பா, ஆவுடையப்பன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த வண்டி எப்போது எடுக்க வேண்டும் என்று அவர் விசில் ஊதினால்தான் டிரைவர் கியர் போடுவான். இப்போது அவருக்கு மகன் பெயரே சில நாள் ஞாபகம் இருக்கிறது, சில நாள் இல்லை.

மார்கழியில் ஒரு நாள் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து வெளியே போய்விட்டார். மெயின் ரோட்டு நடுவில் நின்று, வந்த லாரியைக் கைகாட்டி, "டயம் ஆயிட்டு, எடு எடு" என்றாராம். லாரிக்காரன் பிரேக் போட்டதால் இன்றைக்கு மாமா இருக்கிறார்.

மறுநாளே அம்பாசமுத்திரத்திலிருந்து செண்பகம் மதினி வந்துவிட்டாள். என் வீட்டுக்காரருடைய அக்கா. "இன்னொரு தடவ அப்பா வெளிய போனாருன்னா மதுரையில ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன், அங்க சேத்துருவோம். சொல்லிட்டேன் பொன்ராணி" என்றாள். அவரும் போனில், "அக்கா சொல்லுததும் சரிதான்" என்று இழுத்தார். நான் முடியாது என்றேன். கல்யாணமான புதிதில் நான் சங்கரன்கோவிலுக்கு பி.எட். படிக்கப் போவேன். காலை பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. மாமா வண்டி உள்ளே வரும்போதே ஏறி, ஜன்னலோர சீட்டில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பார். மருமகள் படிக்கப் போகிறாள் என்று கண்டக்டரிடம் பெருமை வேறு. அப்படிப்பட்ட மனுஷனை யாரோ பார்த்துக்கொள்ளட்டும் என்று விட எனக்கு மனசில்லை.

சித்திரையில் அவர் லீவில் வருகிறார். அதுவரைக்கும் நான் பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.


ஜனவரி 19, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தாயிற்று. காலையில் மாமாவைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டிவிட்டு, இட்லி ஊட்டி, மதியச் சோற்றை மூடி வைத்து, செம்பில் தண்ணீர் வைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். அறைக்குள்ளேயே பாத்ரூம் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. பூட்டு அவருடைய பாதுகாப்புக்குத்தான்.

ஹெச்.எம். கூப்பிட்டார். "பிப்ரவரி நடுவுல கல்வி அதிகாரி வாராங்க டீச்சர். உங்க வகுப்பைத்தான் காட்டப் போறேன். சும்மா படம் போட்டுக் காட்டாம ஏதாவது செஞ்சு காட்டுங்க." ஒளிச்சேர்க்கை செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் அதைச் செய்துகாட்டி வருஷக்கணக்காகிறது. சொன்ன வாயை என்ன செய்ய.


ஜனவரி 21, புதன்

"செடிக்கு யாரு சோறு போடுதா?" என்று வகுப்பில் கேட்டேன். மொத்த வகுப்பும், "மண்ணு டீச்சர்" என்றது. வருஷா வருஷம் இதே பதில்தான்.

மண் தண்ணீர் தரும், கொஞ்சம் உப்பு தரும், அவ்வளவுதான். சோறு ஆக்குவது இலை. இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அந்த வழியாகக் காற்றிலிருந்து கரியமில வாயு உள்ளே போகிறது. வேர் தண்ணீரை மேலே அனுப்புகிறது. இரண்டும் இருந்தால் போதாது, அடுப்பு வேண்டுமே. அந்த அடுப்புதான் வெயில். இலையில் இருக்கிற பச்சையம் வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு சமையலை ஆரம்பிக்கிறது. தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜனை வெளியே விட்டுவிடும், அதைத்தான் நாம் மூச்சாக இழுக்கிறோம். ஆக்கிய சர்க்கரையில் உடனே வேண்டியதைச் செலவழித்துவிட்டு, மிச்சத்தை மாவுச்சத்தாக இலையிலேயே சேர்த்து வைக்கும். ராத்திரி அடுப்பு எரியாது. பகலில் சேர்த்ததைக் கரைத்துத்தான் செடி உயிரோடு இருக்கிறது.

முன் பெஞ்சு கலைமதி எழுந்தாள். "வெயிலே காட்டாம வச்சிருந்தா டீச்சர்?"

"சேத்து வச்சது இருக்கிற வரைக்கும் ஓடும்."

"அப்புறம்?"

மணி அடித்துவிட்டது. நல்லதாய்ப் போயிற்று, அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது.


ஜனவரி 22, வியாழன்

அவர் வீடியோ காலில் வந்தார். அப்பாவைக் காட்டச் சொன்னார். அறை ஃபியூஸை மாட்டி, லைட்டைப் போட்டு, மாமாவுக்குத் தலை சீவிவிட்டு, திருநீறு பூசிக் காட்டினேன். "அப்பா என்ன இப்படி வெளுத்துப் போயிருக்காரு?" என்றார். "வெயில்ல அலையல, அதான்" என்றேன். "எங்கிட்ட பேசவே மாட்டேங்காரு." "அவருக்குத் தூக்கம்ங்க" என்றேன்.

ஃபியூஸ் கதையை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நானே என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வேன். மாமா சுவிட்ச் போர்டைக் குடைந்து ஒரு நாள் ஷாக் அடித்துக்கொண்டார். அதிலிருந்து நான் வெளியே போகும்போது அந்த அறைக்கு மட்டும் ஃபியூஸைக் கழற்றிவிடுவேன். ஜன்னலும் அப்படித்தான். முதலில் திறந்துதான் இருந்தது. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து, "தென்காசி, தென்காசி, கடையநல்லூர் வழி, ஏறு ஏறு" என்று கூவுவார். தெருப் பையன்கள் கூட்டம் கூடி, "நான்-ஸ்டாப் பஸ்ஸா தாத்தா?" என்று கேலி செய்வார்கள். ஒரு நாள் அழுகின எலுமிச்சம்பழத்தை எறிந்திருக்கிறார்கள், கண்ணுக்குக் கீழே பட்டுக் கன்றிப்போயிருந்தது. நான் வந்து பார்த்தபோது மாமா அந்தப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்றைக்கே ஜன்னல் கதவைச் சாத்தி, கொடிக்கயிற்றால் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

இப்போது மாமா கூவுவதே இல்லை. நல்ல முன்னேற்றம்.


ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம், மிட்டாய். மாமாவுக்கு ஒரு மிட்டாய் கொண்டுவந்தேன். வாயில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார், விரலை விட்டு எடுத்தேன்.


ஜனவரி 27, செவ்வாய்

சோதனைக்குச் செம்பருத்திச் செடி ஒன்று தொட்டியோடு வாங்கிவந்தேன். முறை இதுதான். முதலில் செடியை இரண்டு நாள் இருட்டில் வைக்க வேண்டும். இலையில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் அது தின்று தீர்த்துவிடும். பிறகு ஒரு இலையின் நடுவில் கறுப்புக் காகிதத்தை முன்னும் பின்னும் வைத்துக் கிளிப் போட்டு, வெயிலில் வைக்க வேண்டும். மதியம் அந்த இலையைப் பறித்து, வெந்நீரில் போட்டு, ஸ்பிரிட்டில் கொதிக்கவிட்டுப் பச்சையை எடுத்துவிட்டு, அயோடின் ஊற்ற வேண்டும். வெயில் பட்ட இடம் மாவுச்சத்து இருப்பதால் கருநீலமாகும். காகிதம் மறைத்த இடம் அயோடின் நிறத்திலேயே நிற்கும். கண்ணால் பார்த்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சாகும் வரை மறக்காது.

பள்ளியில் இருட்டு அறை கிடையாது, லேப் ஜன்னலுக்குக் கதவே இல்லை. வீட்டில் எங்கே வைக்கலாம் என்று சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். சமையலறையில் வெளிச்சம், ஹாலில் வெளிச்சம். வீட்டிலேயே இருட்டான இடம் மாமா அறைதான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தொட்டியை வைத்துவிட்டேன். மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், திரும்பவே இல்லை.


ஜனவரி 29, வியாழன்

மாமாவின் துண்டெல்லாம் மண். துவைக்கத் துவைக்க மண். குளித்த கையோடு கொடுத்த துண்டு, மண் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. சோறு பாதி மிச்சம், ஆனால் செம்புத் தண்ணீர் காலி. தண்ணீராவது குடிக்கிறாரே என்று சமாதானம். டாக்டரிடம் கேட்க வேண்டும், கணுக்காலில் கொஞ்சம் வீக்கம்.


ஜனவரி 30, வெள்ளி

சோதனை ஊற்றிக்கொண்டது. முறைப்படிதான் எல்லாம் செய்தேன். பையன்கள் ஸ்பிரிட் வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். இலை வெள்ளையாக வெளுத்து வந்தது, அயோடினை ஊற்றினேன். மொத்த இலையும் கருநீலம். காகிதம் மறைத்த இடமும் கருநீலம். மறைத்ததற்கு அடையாளமே இல்லை.

"சூப்பர் டீச்சர்" என்று கை தட்டினார்கள். தப்பாக வந்ததென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கலைமதிக்கு மட்டும் தெரிந்தது, என்னைப் பார்த்தாள். நான் பீக்கரைக் கழுவப் போய்விட்டேன்.


பிப்ரவரி 1, ஞாயிறு

அயோடின் பழசாக இருக்கலாம், காகிதம் மெல்லியதாக இருக்கலாம். புது அயோடின், தடித்த காகிதம் வாங்கிவிட்டேன். செடி மறுபடி மாமா அறைக்குப் போய்விட்டது. தொட்டியை வைக்கும்போது மாமா ஏதோ முணுமுணுத்தார். "என்ன மாமா?" என்றேன். வாயை மூடிக்கொண்டார்.

மாடத்தி அக்கா வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே, "அண்ணாச்சி சத்தமே காணோமே பொன்ராணி, ஊர்ல இருக்காரா?" என்றாள். நல்லா இருக்காரு அக்கா என்றேன். இவளிடம் ஒரு வார்த்தை அதிகம் சொன்னால் சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்குப் போய்விடும்.


பிப்ரவரி 3, செவ்வாய்

கொஞ்சம் அயோடினைச் சின்னக் குப்பியில் வீட்டுக்கே கொண்டுவந்தேன். இந்தத் தடவை வெயிலே காட்டாமல், இருட்டில் இருந்த செடியில் அப்படியே ஒரு இலையைப் பறித்துச் சமையலறையில் செய்து பார்த்தேன். கருநீலம்.

இருட்டு அறையில் இருந்த இலையில் மாவுச்சத்து எங்கிருந்து வரும்? அடுப்பே இல்லாமல் சோறு வெந்த மாதிரி இருக்கிறது. ஒன்று புத்தகம் பொய், இல்லை அந்த அறை இருட்டில்லை.

தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது. நான் தண்ணீர் ஊற்றவில்லை. ஜன்னலைப் போய்ப் பார்த்தேன், கட்டித்தான் இருந்தது. ஆனால் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. நான் போடுவது சாதா முடிச்சு. இது பஸ் மேலே மூட்டை கட்டுவார்களே, அந்த மாதிரி.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.


பிப்ரவரி 4, புதன்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

தலைவலி என்று சொல்லி மதியம் முன்னதாகவே கிளம்பினேன். ஸ்கூட்டரை மாடத்தி அக்கா வீட்டுப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே போனேன். மாமா அறைக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. மெதுவாகப் பூட்டைத் திறந்தேன்.

ஜன்னல் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. அதற்குமேல் திறக்காது, பாதிக் கயிறு இன்னும் கட்டியிருந்தது. அந்த இடுக்கு வழியாக வந்த வெயில் அப்படியே செம்பருத்திமேல் விழுந்தது. ஜன்னல் திண்டில் மாமாவின் துண்டு விரித்திருந்தது, துண்டின் மேல் தொட்டி. மாமா அந்த வெயிலில் இல்லை. இந்தப் பக்கம், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், தொட்டி இருந்த இடத்தில், இருட்டில் ஒண்டிக்கொண்டு நின்றிருந்தார். கையில் காலிச் செம்பு.

என்னைப் பார்த்ததும் நடுங்கிப்போனார். ஓடி வந்து தொட்டியைத் தூக்கப் பார்த்தார், கை வழங்கவில்லை. வேட்டியெல்லாம் மண் கொட்டியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. தினமும் முன்வாசல் கேட் சத்தம் கேட்டதும் இதைத்தான் செய்திருக்கிறார். தொட்டியை இறக்கி, ஜன்னலைச் சாத்தி, கயிற்றைக் கட்டி, கட்டிலில் போய் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பெற்ற மகன் பெயர் மறந்துபோன மனுஷனுக்கு என் கேட் சத்தம் மறக்கவில்லை.

"மாமா, என்ன செய்யுதீங்க?" என்றேன்.

கையைக் கூப்பிவிட்டார். "இன்ஸ்பெக்டரம்மா, இந்த பாசஞ்சரை எறக்கி விட்றாதீங்க. பாவம், இருட்டுக்குள்ள நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஜன்னல் சீட்டு ஒண்ணுதான இருக்கு. அது உக்காரட்டும். நான் நின்னுக்கிடுதேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். மாமா பயந்துபோய், "டிக்கெட் எடுத்தாச்சும்மா, எடுத்தாச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு எழுந்து அரிவாள்மனையைக் கொண்டுவந்து அந்தக் கயிற்றை அறுத்தேன்.


பிப்ரவரி 5, வியாழன்

லீவு போட்டேன். வீட்டு முன்பகுதியில் கிரில் போட்ட இடம் இருக்கிறது, கிழக்குப் பார்த்தது, காலை வெயில் முழுக்க அங்கேதான் விழும். இத்தனை நாள் அதில் என் ஸ்கூட்டரும், உடைந்த பீரோக் கதவும், தண்ணீர் டிரம்மும், மகளின் பழைய சைக்கிளும்தான் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் இழுத்துக் கொல்லையில் போட்டேன். கழுவிவிட்டு இரண்டு நாற்காலி போட்டேன். கிரில் கதவுக்குப் பூட்டு உண்டு, அதில் மாற்றமில்லை. லாரி இன்னும் ரோட்டில்தான் ஓடுகிறது.

பிறகு செய்ய மாட்டேன் என்று இருந்ததைச் செய்தேன். மாடத்தி அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, ஃபியூஸ், பூட்டு, செடி எல்லாம். அவள் மடியில் முறத்தை வைத்து பீடி இலையை வெட்டிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஏன் பிள்ள, நான் எதுத்தாப்புல தான உக்காந்திருக்கேன். முன்னாடியே ஒரு வாய் சொல்லிருக்கலாம்ல" என்றாள். "பீடி சுத்த எனக்கு எந்த வாசலா இருந்தா என்ன. நாளையில இருந்து சொளவைத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துருதேன். அந்தப் பயலுவ வந்தானுவன்னா வெளக்குமாறுதான்."


பிப்ரவரி 6, வெள்ளி

மாமா வெயிலில் உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தார், மடியில் கை. புதன்கிழமை டிக்கெட் எடுத்தாச்சு என்றதோடு சரி, அதற்குப் பிறகு பேச்சே இல்லை. தெருவில் மினி பஸ் ஹார்ன் அடித்தது, திரும்பக்கூட இல்லை. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். பகலில் வெளிச்சத்தில் வையுங்கள், ராத்திரி தூங்குவார், நடக்க வையுங்கள், வீக்கம் இறங்கும் என்றார். "பேச்சு வருமா சார்?" என்றேன். "பாப்போம்மா" என்றார். டாக்டர்கள் பாப்போம் என்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும்.

கலைமதி கேட்ட கேள்விதான் நினைப்பில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் என்ன ஆகும் டீச்சர்? இலை மஞ்சளாகும். ரொம்ப நாள் விட்டுவிட்டால் பிறகு வெயில் காட்டியும் பயனில்லை. அதற்கு முன்னால் காட்டினேனா, பின்னால் காட்டினேனா, அதுதான் தெரியவில்லை.


பிப்ரவரி 8, ஞாயிறு

மதினி வந்தாள், சொல்லாமல். "அப்பா, செண்பகம் வந்திருக்கேன்" என்று முன்னால் குனிந்தாள். மாமா அவளைத் தாண்டி எங்கோ பார்த்தார். இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சமையலறையில் அவளிடமும் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க இனி என்னிடம் தெம்பில்லை. அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நானா இருந்தாலும் கதவப் பூட்டிட்டுத்தான் போயிருப்பேன்" என்றாள் கடைசியில். "ஃபோன்ல கேக்குறப்போ எல்லாம் நல்லா இருக்காருன்னு நீ சொல்லுவ. நானும் சரின்னு வச்சிருவேன். அதுக்கு மேல கேட்டா நான் வந்து பாக்கணும்ல. அதான் கேக்கல."

எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. ஆனால் அவள் முடிவு மாறவில்லை. "பேச்சே போயிட்டு, பொன்ராணி. என்னையும் தெரியல, உன்னையும் தெரியல. யாருன்னே தெரியாம இருக்கிறவருக்கு எங்க இருந்தா என்ன. அங்க ராத்திரி பகலா ஆள் இருக்கும். அடுத்த ஞாயித்துக்கிழம கார் எடுத்துட்டு வாரேன். நீயும் மனுஷிதான."

எந்த முகத்தோடு மறுப்பேன். கயிற்றைக் கட்டினவள் நான்.


பிப்ரவரி 10, செவ்வாய்

பள்ளி விளையாட்டுச் சாமான் அறை ஜன்னலைக் கோணியால் மூடிவிட்டு, செடியை அங்கே வைத்துவிட்டேன், வலை, பந்து, ஈட்டிக்கு நடுவில். கிளம்பும்போது மாமா தொட்டியையே பார்த்தார். "மூணே நாள் மாமா, திரும்பக் கொண்டாந்துருதேன்" என்றேன். செடியை எடுத்துப்போக அவரிடம் அனுமதி கேட்பதுபோல் இருந்தது. சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.


பிப்ரவரி 11, புதன்

மாடத்தி அக்கா சொன்னாள், இரண்டு இட்லி கேட்டுச் சாப்பிட்டாராம். கேட்டார் என்றால் வாயால் இல்லை, தட்டை நீட்டினாராம்.


பிப்ரவரி 13, வெள்ளி

அதிகாரி வரவில்லை. வேறு ஏதோ மீட்டிங்காம். ஹெச்.எம். தேய்த்த பட்டுச் சேலையோடு வாசலிலேயே நின்றார், பாவம்.

நான் செய்து காட்டினேன். வெள்ளையாய் வெளுத்த இலையைத் தட்டில் விரித்து அயோடினை ஊற்றினேன். ஓரமெல்லாம் கருநீலமாக ஏறியது. நடுவில் காகிதம் இருந்த இடம் மட்டும், வெட்டி எடுத்ததுபோல், பழுப்பாக நின்றது. ஒரே இலை, ஒரே வேர், ஒரே தண்ணீர். வெயில் படாத துண்டு மட்டும் பட்டினி.

கலைமதிதான் கேட்டாள். "அப்போ மொத தடவ ஏன் டீச்சர் முழுசும் கருப்பாச்சு?"

அயோடின் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். "இருட்டுல வச்ச செடியை ஒருத்தர் தூக்கி வெயில்ல வச்சுட்டாரு. எங்க மாமா" என்றேன்.

"ஏன் டீச்சர்? சோதனைன்னு அவருக்குத் தெரியாதா?"

"அவருக்கு அது இருட்டுல நிக்கிறதுதான் தெரிஞ்சுது" என்றேன். சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாயங்காலம் தொட்டியை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமா நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு இலையைத் தொட்டார்.


பிப்ரவரி 14, சனி

மாமாவின் துணிமணி, மாத்திரை, பாத்திரம் எல்லாம் பையில் எடுத்து வைத்தேன். பழைய பஸ் ஸ்டாண்டு விசில் பீரோவில் கிடந்தது, அதையும் வைத்தேன். அவர் மஸ்கட்டிலிருந்து பேசினார். "உனக்குச் சம்மதம்தான?" என்றார். தெரியாது என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன உண்மையான பதில்களில் அது ஒன்று.


பிப்ரவரி 15, ஞாயிறு

காலையிலேயே கார் வந்துவிட்டது. நான் உள்ளே மாமாவுக்கு வழியில் சாப்பிட இட்லி கட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மாடத்தி அக்காவும் வந்து மூலையில் சொளவோடு உட்கார்ந்திருந்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மதினி காரிலிருந்து இறங்கி, கிரிலைத் திறந்து வந்தாள். அலைச்சல் போல, மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அங்க உக்காராதீங்க. ஆள் வருது."

நான் அப்படியே நின்றுவிட்டேன். மாமா குரல். கரகரத்துப்போய், பாதி காற்றாக, ஆனால் பஸ் ஸ்டாண்டுக் குரல். எட்டிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் அவருடைய துண்டு கிடந்தது, நாலாக மடித்து, சரியாக நடுவில் போட்டிருந்தார். எப்போது போட்டாரென்று மாடத்தி அக்காவும் பார்க்கவில்லை.

"யாருக்குப்பா போட்டிருக்கீங்க?" மதினி குனிந்து கேட்டாள். செடிக்கு என்று சொல்வார் என்று நினைத்தேன். செடி அந்தப் பக்கம் வெயிலில்தான் இருந்தது.

"எம் மருமவ. டீச்சருக்குப் படிக்கா. சங்கரன்கோவில் வண்டி. இந்தக் கூட்டத்துல நின்னுட்டா போவா?" என்றார். பிறகு மதினியை ஏறஇறங்கப் பார்த்து, "நீங்க அடுத்த வண்டியில வாங்க" என்றார்.

மதினி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதாள். அழுதுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையில் இட்லிப் பொட்டலத்தோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"உனக்குத்தான் புடிச்சு வச்சிருக்காரு" என்றாள். "போய் உக்காரு, நேரமாச்சு." பிறகு வாசலில் நின்ற கார் டிரைவரைப் பார்த்து, "தம்பி, வண்டிய நிழல்ல போட்டுட்டு வந்து காப்பி குடிங்க. மதுரைக்குப் போகல" என்றாள்.

நான் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா என்னைப் பார்க்கவில்லை, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் எங்கள் இரண்டு பேர் முழங்கால் வரைக்கும் வந்திருந்தது. கண்ணைத் திருப்பாமலே, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்தாச்சு மாமா" என்றேன்.